வேர் வாயில்களின் ஆக்கமும் அழிவும்

ஜெர்மானிய ரசாயன சாஸ்திரியான லீபிக் 1840-ல் வெளியிட்ட தமது நூலின் மூலம் தாவர ஊட்டத்தைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஒரு திசையைக் காட்டிய நாள் முதலாக, பயிருக்கு எந்தச் சத்து எவ்வளவு குறைகிறது, அந்தக் குறையை எதைக் கொண்டு நிரப்புவது என்ற கேள்வியே விவசாய விஞ்ஞானத்தின் மையத்தில் இருந்து வந்திருக்கிறது. உரத் தொழில் முழுவதும் இந்த ஒரு கேள்வியின் பேரில் எழும்பியதுதான். ஆனால் பயிரின் நிலையில் நின்று பார்ப்போமானால், குறைவு எவ்வளவு ஆபத்தோ அவ்வளவு ஆபத்து மிகுதியும். முளைத்த இடத்தை விட்டு நகர இயலாத ஜீவனாகையால், மண்ணில் ஒரு சத்து அரிதாக இருக்கும்போது அதைத் துருவி எடுக்கவும், மழையாலோ உரத்தாலோ அதே சத்து திடீரெனப் பெருகும்போது அதைத் தடுத்து நிறுத்தவும் அது ஒருங்கே ஆயத்தமாக இருக்கவேண்டியிருக்கிறது. இந்த இரண்டாவது காரியத்தைப் பற்றிக் கடந்த இருபத்தைந்து ஆண்டுகளில் சேர்ந்துள்ள சான்றுகளை ஒருசேர வைத்துப் பார்க்கும்போது, சத்தை உள்ளே விடும் புரதங்களைப் படைப்பதில் தாவரம் காட்டும் சாமர்த்தியத்தைவிட, படைத்த புரதங்களை உரிய தருணத்தில் அழிப்பதில் அது காட்டும் சாமர்த்தியமே அதன் உயிரைக் காக்கிறது என்ற முடிவுக்கு வரவேண்டியவனாகிறேன்.

வேரின் செல்களைச் சூழ்ந்துள்ள சவ்வினூடே கனிமங்கள் தாமாகப் புக முடியாது. ஒவ்வொன்றுக்கும் அல்லது ஒவ்வோர் இனத்துக்கும் தனித்தனியான கடத்திப் புரதங்கள் அச்சவ்வில் பொருந்தியிருக்கின்றன. இவற்றை இக்கட்டுரையில் வாயில்கள் என்றே வழங்குவோம். வாயில்கள் எவ்வளவு கடினமான வேலையைச் செய்கின்றன என்பதற்கு மணிச்சத்து ஒன்றே போதிய உதாரணம்: மண்நீரில் பாஸ்பேட் மைக்ரோமோலார் அளவில் மட்டுமே கரைந்திருக்க, வேரின் செல்லுக்குள் அது மில்லிமோலார் அளவில், அதாவது ஏறத்தாழ ஆயிரம் மடங்கு செறிவில் இருக்கிறது. இவ்வளவு வலிமையுள்ள வாயில் ஒன்று, வெளியே சத்து பெருகிய பின்னரும் திறந்தே கிடந்தால் என்ன நேரும் என்பதை ஊகிப்பது எளிது. இரும்பின் விஷயத்தில் ஆபத்து இன்னும் கொடியது. கட்டுப்பாடின்றிச் செல்லுக்குள் உலவும் இரும்பு, ஹைட்ரஜன் பெராக்சைடுடன் வினைபுரிந்து, தான் தொட்ட சவ்வையும் புரதத்தையும் மரபணுப் பொருளையும் சிதைக்கும் உக்கிரமான ஆக்சிஜன் தனியுறுப்புகளைப் பிறப்பிக்கிறது. பச்சையம் உண்டாக இரும்பின்றி முடியாது. அந்த இரும்பே அளவு மீறினால் இலையைக் கருக்கிவிடும்.

ஒரு வாயிலை அழிக்கவேண்டும் என்று செல் தீர்மானித்தால், அதை நிறைவேற்றும் யந்திரம் எல்லா உயர்தர ஜீவராசிகளுக்கும் பொதுவானது. யூபிக்விட்டின் என்ற 76 அமினோ அமிலங்களாலான சிறிய புரதத்தை, அழிக்கப்படவேண்டிய புரதத்தின் லைசின் என்னும் இடத்தில் பிணைப்பதே அதன் முதற்படி. இவ்வேலையை ஈ-1, ஈ-2, ஈ-3 என்ற மூன்று வகை நொதிகள் கைமாற்றி முடிக்கின்றன. இதைக் கண்டறிந்த சீக்கனோவர், ஹெர்ஷ்கோ, ரோஸ் ஆகிய மூவரும் 2004-ல் ரசாயனத்துக்கான நோபெல் பரிசைப் பெற்றார்கள். யூபிக்விட்டின்கள் ஒரு வகையாகச் சங்கிலி கோத்தால், அப்புரதம் புரோட்டியசோம் என்ற உருளைவடிவ நொதித்தொகுதிக்குள் தள்ளப்பட்டுத் துண்டு துண்டாக்கப்படும். வேறொரு வகையாகக் கோத்தாலோ, தனியாக ஒட்டினாலோ, சவ்விலுள்ள புரதம் சிறு பைகளில் உள்வாங்கப்பட்டு, வாக்குவோல் எனும் பெரிய சாற்றறைக்குச் சென்று அங்கே ஜீரணமாகும். அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியில் ஈ-1-க்கு இரண்டே மரபணுக்களும், ஈ-2-க்கு முப்பத்தேழும் இருக்க, எந்தப் புரதத்தை அழிப்பது என்று தேர்ந்தெடுக்கும் ஈ-3-க்கு மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருக்கின்றன. அழிவில் இவ்வளவு நுணுக்கமான தேர்வு அவசியமாயிருக்கிறது என்பதை இந்தக் கணக்கே காட்டும்.

இரும்பின் கதையில் தொடங்குவது பொருத்தம். சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் நிலக்கடலையோ கரும்போ சோளமோ பயிரிட்ட நம் உழவர்கள், இளங்குருத்து மட்டும் வெளிறி, நரம்புகள் பச்சையாக நிற்க நரம்பிடை மஞ்சளாகி, முற்றினால் இலை முழுதும் வெள்ளையாவதை நன்கறிவார்கள். அன்னபேதி உப்பைக் கரைத்து இலையில் தெளித்தால் சில நாட்களில் பச்சை திரும்புவதையும் கண்டிருப்பார்கள். அந்த மண்ணில் இரும்பு இல்லாமலில்லை. காரத்தன்மையால் கரையாமல் கிடக்கிறது. இத்தகைய தருணத்தில் வேர் தன் மேற்றோலில் நிறுத்தும் முக்கியமான வாயில் ஐ.ஆர்.டி.1 என்பது. 1996-ல் ஈடி, கெரினோ முதலிய ஆராய்ச்சியாளர்கள், இரும்பை உட்கொள்ள இயலாத ஈஸ்ட் ஒன்றைப் பிழைக்க வைக்கும் தாவர மரபணு எது என்று தேடி இதைக் கண்டுபிடித்தார்கள். இதிலே ஒரு விசேஷம், அதாவது ஒரு குறை, உண்டு: இந்த வாயில் இரும்பை மட்டும் விடாமல் துத்தநாகம், மாங்கனீசு, கோபால்ட், காட்மியம் ஆகியவற்றையும் அனுமதித்துவிடுகிறது. இரும்புப் பசியால் வாயிலை அகலத் திறந்த செடிக்கு வேண்டாத உலோகங்களும் சேர்ந்து வந்து சேருகின்றன.

2002-ல் கெரினோவின் குழுவினர் செய்த ஒரு சோதனையை இங்கே சற்று நெருங்கிப் பார்க்கவேண்டும். ஐ.ஆர்.டி.1 மரபணு எப்போதும் எங்கும் இயங்குமாறு அவர்கள் செடியை மாற்றியமைத்தார்கள். அப்படியே செய்தி ஆர்.என்.ஏ. செடியின் எல்லா உறுப்புகளிலும் நிறைந்திருந்தது. ஆனால் புரதத்தைத் தேடியபோது, இரும்பு குறைந்த ஊடகத்தில் வளர்ந்த செடியின் வேரில் மட்டுமே அது அகப்பட்டது. இரும்பு போதிய அளவில் கிடைத்த செடியில் செய்தி இருக்க, புரதத்தைக் காணோம். மரபணுவை இயக்குவது ஒரு காரியம், புரதத்தை நிலைக்க விடுவது வேறொரு காரியம் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பின்னர் 2011-ல் பிரான்சில் பார்பெரோன், வெர் முதலியோர், ஐ.ஆர்.டி.1-ல் யூபிக்விட்டின் ஒட்டும் லைசின்களை மாற்றி, ஒட்டவே முடியாத ஒரு புரதத்தைச் செடிக்குக் கொடுத்தார்கள். இயல்பான புரதமோ சவ்வுக்கும் செல்லின் உள்ளறைகளுக்கும் இடையே ஓயாமல் போய்வந்துகொண்டிருக்க, இந்த மாற்றுப் புரதம் சவ்விலேயே நிலைத்து நின்றது. செடி கொழுக்கவில்லை, உலோகங்கள் மிதமிஞ்சிப் புக, வளர்ச்சி குன்றி, ஆக்சிஜனேற்றச் சேதத்தின் அறிகுறிகளெல்லாம் கண்டு மடிந்தது. பசியால் அல்ல, உண்டது மிகுந்து.

வேண்டாத உலோகங்களைத் தாவரம் அறிவது எப்படி என்ற கேள்விக்கு 2018-ல் அதே வெர் குழுவினரிடமிருந்து வந்த விடை, இத்துறையிலேயே மிக அழகியதென்று கருதுகிறேன். வாயிற்புரதத்தின் உட்புறமாகத் தொங்கும் ஒரு வளைவில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலங்கள் நெருங்கி அமைந்திருக்கின்றன, துத்தநாகமும் மாங்கனீசும் கோபால்ட்டும் செல்லுக்குள் பெருகினால், அவை இந்த வளைவில் வந்து பற்றிக்கொள்கின்றன, உடனே சி.ஐ.பி.கே.23 என்ற நொதி வந்து வாயிலில் பாஸ்பேட்டை ஏற்றுகிறது. அதைக் கண்டு ஐ.டி.எஃப்.1 என்ற ஈ-3 நொதி வந்து யூபிக்விட்டினை நீட்டிச் சங்கிலியாக்க, வாயில் வாக்குவோலுக்குச் சென்று அழிகிறது. ஆகவே உலோகத்தை உள்ளே விடும் புரதமே உலோகம் மிகுந்ததென்று உணர்கிறது. தன் அழிவைத் தானே வரவழைத்துக்கொள்கிறது.

வாயிலோடு நில்லாமல், வாயிலை ஆக்கும்படி மரபணுவைத் தூண்டும் புரதங்களும் இவ்விதமாகவே ஆளப்படுகின்றன. ஐ.ஆர்.டி.1-ஐ இயக்குவது ஃபிட் என்ற புரதம். பசி நேரத்தில் இதைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதானே நியாயம்? அப்படி நடப்பதில்லை, இரும்புக் குறைவின்போதும் ஃபிட் இடைவிடாது புரோட்டியசோமில் அழிக்கப்பட்டுக்கொண்டே இருக்கிறது. 2011-ல் இதை ஆராய்ந்தவர்கள் புரோட்டியசோமை ரசாயனத்தால் முடக்கிப் பார்த்தபோது, ஃபிட்டின் அளவு பெருகிற்று. அது இயக்கவேண்டிய மரபணுக்களோ சுணங்கின. வேலை செய்து ஓய்ந்த புரதம் மரபணுவை விட்டு விலகாமல் அடைத்துக்கொண்டிருந்தால், புதிதாகப் பிறந்த புரதத்துக்கு இடமில்லாமற் போகிறது என்பதே இதற்குக் கூறப்படும் விளக்கம். இது சிக்கனமில்லாத காரியமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நிமிஷத்தில் முடிவை மாற்றிக்கொள்ளவேண்டிய ஜீவனுக்குப் பழைய ஆணைகள் நீடிப்பது பெருந்தொல்லை.

இந்த அழிவையெல்லாம் நடத்தும் ஈ-3 நொதிகளுள் புரூட்டஸ் என்று பெயரிடப்பட்டதும், அதன் உறவினமாக நெல்லில் கோபயாஷி முதலிய ஜப்பானியர் 2013-ல் கண்ட எச்.ஆர்.இசட். நொதிகளும் தாமே இரும்பைப் பிணைத்துக்கொள்ளும் தன்மையுடையவை. அவை இரும்பின் நிலையை உணரும் புலன்களாகவும், இரும்புப் பசிக்கான மறுவினையை அடக்கும் கடிவாளமாகவும் ஒருங்கே விளங்குகின்றன. புரூட்டஸ் நொதியை அடியோடு இழந்த அராபிடாப்சிஸ் விதைக்குள்ளேயே கரு நிலையில் இறந்துபோகிறது. சற்றே குறைத்தாலோ இரும்பு அரிதான மண்ணிலும் செழிக்கிறது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வித்தியாசத்தில்தான் பயிர் மேம்படுத்துவோரின் ஆசையும் அச்சமும் அடங்கியிருக்கின்றன. பசி நேரத்தில் இக்கடிவாளத்தைத் தளர்த்துவதற்கென்று செடியிடம் சிறு பெப்டைடுகளும் உள்ளன. அவை புரூட்டஸின்மேல் ஒட்டிக்கொண்டு, அது அழிக்கவேண்டிய புரதங்களை அதனிடம் அணுகவிடாமல் காக்கின்றன.

போரானுக்கு வருவோம். 1923-ல் இங்கிலாந்தின் ராத்தம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தில் கேதரின் வாரிங்டன் என்ற பெண்மணி, போரான் இல்லாவிட்டால் அவரைச் செடி வளராது என்று நிரூபித்த நாளிலிருந்தே, இந்த மூலகத்தின் போதுமான அளவுக்கும் நஞ்சான அளவுக்கும் இடைவெளி மிகக் குறுகியது என்பது விவசாயிகளுக்குத் தொந்தரவாக இருந்து வந்தது. டோக்கியோவில் தகானோ, ஃபூஜிவாரா ஆகியோர் 2002-ல் பி.ஓ.ஆர்.1 என்ற போரான் வாயிலைக் கண்டறிந்து, 2005-ல் அதன் அழிவைக் கண்ணால் காணும்படி செய்தார்கள். வாயிற்புரதத்தோடு பச்சையாய் ஒளிரும் ஒரு புரதத்தை இணைத்து, போரான் அரிதான ஊடகத்தில் வளர்ந்த நாற்றின் வேர்நுனியை நுண்பெருக்கிக்குக் கீழே வைத்தபோது, செல்களின் விளிம்பெல்லாம் பச்சைக் கோடு தீட்டியதுபோல் ஒளிர்ந்தது. அதே நாற்றைப் போரான் மிகுந்த ஊடகத்துக்கு மாற்றியதும் கோடு கலைந்து செல்லின் உட்புறம் புள்ளிகள் தோன்றின. சில மணி நேரத்தில் புள்ளிகளும் அடங்கின. அப்போதும் மரபணுவின் செய்தி குறையவில்லை. ஒரே லைசினை மாற்றினால் யூபிக்விட்டின் ஒட்டுவது நின்று, இந்த ஒளி அணையாமலே இருக்கும் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. இதே செல்லில் மண்ணை நோக்கி நிற்கும் மற்றொரு போரான் வாயிலோ, புரதம் உண்டாகுமுன்பே செய்தி ஆர்.என்.ஏ.வைச் சிதைப்பதன் மூலம் கட்டுப்படுத்தப்படுகிறது. ஒரே சத்துக்கு இரண்டு வாயில்கள், இரண்டு வேறு கட்டங்களில் அழிவு.

மணிச்சத்தின் வரலாறு இவற்றுள் மிகச் சிக்கலானது. கான்பெராவில் டெல்ஹெய்ஸும் ராண்டலும் 1995-ல், இலைகளில் பாஸ்பேட்டை அளவின்றிச் சேர்த்துக்கொள்ளும் ஓர் அராபிடாப்சிஸ் செடியைத் தேர்ந்தெடுத்தார்கள். பழுத்த இலைகளின் நுனி கருகும் இந்தச் செடியில் பழுதுபட்டிருந்த பி.எச்.ஓ.2 என்ற மரபணு, யூபிக்விட்டினைக் கைமாற்றும் ஈ-2 நொதி ஒன்றைக் குறிப்பது என்பது பத்தாண்டுகளுக்குப் பின்னரே வெளிப்பட்டது. பழுதுள்ள வேரின்மீது பழுதற்ற தண்டை ஒட்டுக்கட்டினாலும் இலையில் பாஸ்பேட் பெருகிற்று. ஆகவே தவறு வேரில் இருந்தது. பி.எச்.ஓ.2 நொதி, பாஸ்பேட்டை வேரிலிருந்து சைலத்தில் ஏற்றும் பி.எச்.ஓ.1 என்ற புரதத்தையும், மண்ணிலிருந்து அதை இழுக்கும் பி.எச்.டி.1 வாயில்களையும் அழிவுக்கு அனுப்புகிறது என்பதைத் தைவானில் சியூ அம்மையாரின் குழு 2012, 2013 ஆண்டுகளில் நிறுவியது.

பசி நேரும்போது இந்த அழிவு நிற்கவேண்டுமே, அதை நிறுத்துவது எது? இலையிலே மணிச்சத்து குன்றியதும் மைக்ரோ ஆர்.என்.ஏ. 399 என்ற நுண்மூலக்கூறு அங்கே உற்பத்தியாகி, புளோயத்தின் வழியே கீழிறங்கி வேரையடைந்து, பி.எச்.ஓ.2-இன் செய்தியைத் துண்டிக்கிறது. அழிக்கும் நொதி குறைய, வாயில்கள் பிழைத்துப் பெருகுகின்றன. இலையின் பசி வேருக்குத் தெரிவது எங்ஙனம் என்று நெடுங்காலமாக ஊகித்துவந்த சாஸ்திரிகளுக்கு, பசித்த உறுப்பு அனுப்பும் செய்தியே 'ஆக்கு' என்பதாக இல்லாமல் 'அழிக்காதே' என்பதாக இருந்தது எதிர்பாராத விடைதான். இத்துடன் முடியவில்லை: மாட்ரிட் நகரத்தில் 2007-ல் கண்டறிந்தபடி, பசித்த செடி மைக்ரோ ஆர்.என்.ஏ. 399-ஐப் பற்றிக்கொண்டு அதன் வேலையை மட்டுப்படுத்தும் மற்றோர் ஆர்.என்.ஏ.வையும் கூடவே உண்டாக்குகிறது. திறப்பதற்கு ஒரு கை, மிதமிஞ்சித் திறவாமல் பிடித்துக்கொள்ள இன்னொரு கை.

என்.எல்.ஏ. என்ற ஈ-3 நொதியின் சரித்திரத்தை, ஒரு சத்தை மட்டும் தனித்து ஆராய்வோர் யாவரும் படிக்கவேண்டும். கனடாவின் குவெல்ஃப் சர்வகலாசாலையில் 2007-ல் இது தழைச்சத்துக் குறைவைச் சமாளிக்க உதவும் மரபணுவாக அறிவிக்கப்பட்டது. ஏனெனில் இதை இழந்த செடி, நைட்ரேட் குறைந்த ஊடகத்தில் இலை முதிர்ந்து அகாலத்தில் வாடிற்று. 2011-ல் அதே இடத்து ஆராய்ச்சியாளர்களே, அந்தச் செடி வாடியது தழைச்சத்துக் குறையால் அல்லவென்றும், நைட்ரேட் குறைந்த நிலையில் மணிச்சத்து கட்டின்றிச் சேர்ந்து நஞ்சானதாலென்றும் காட்டினார்கள். ஊடகத்தில் பாஸ்பேட்டைக் குறைத்ததும் செடி தேறிவிட்டது. என்.எல்.ஏ. நொதி உண்மையில் செல் சவ்விலே பி.எச்.டி.1 வாயில்களுக்கு யூபிக்விட்டினை ஒட்டி, அவற்றை வாக்குவோலுக்கு அனுப்புவது. தங்கள் முந்தைய முடிவைத் தாங்களே திருத்தி வெளியிட்ட இந்த ஆராய்ச்சியாளர்களின் நேர்மை ஒருபுறமிருக்க, தழைச்சத்தும் மணிச்சத்தும் ஒன்றோடொன்று இவ்வளவு பின்னிக்கிடக்கும் என்று அதற்குமுன் யார் எண்ணினார்கள்? நெல்லிலும் இதே பின்னல் உண்டு. அங்கே எஸ்.பி.எக்ஸ்.4 என்ற புரதம் மணிச்சத்துப் பசிக்கான மரபணுக்களை அடக்கி வைத்திருக்கிறது. மணிச்சத்து குறைந்தால் அது அழிகிறது என்று 2014-லும், வயலில் நைட்ரேட் கிடைத்தாலும் அது அழிந்து இரு சத்துக்களையும் ஒருசேர உட்கொள்ள வழி திறக்கிறது என்று 2019-லும் சீன விஞ்ஞானிகள் கண்டார்கள். தழைச்சத்து தாராளமாக இருக்கும்போது மணிச்சத்தும் சேர்ந்து வேண்டியிருப்பது உரமிடும் எவருக்கும் தெரிந்த அனுபவம். அதன் செல்லியல் காரணங்களுள் ஒன்று இது.

கந்தகப் பசியை ஆளும் ஸ்லிம்1 என்ற புரதமும் கந்தகம் போதியபோது புரோட்டியசோமில் அழிகிறது. அமில நிலங்களில் அலுமினிய நஞ்சிலிருந்து வேரைக் காக்கும் மாலிக் அமிலக் கசிவைத் தூண்டுவது ஸ்டாப்1 என்ற புரதம். நஞ்சில்லாத வேளையில் அதை ஓர் ஈ-3 தொகுதி அழித்துவிடுகிறது, அலுமினியம் எதிர்ப்பட்டால் அழிவு தணிகிறது. இவற்றை விரிக்காமல் விடுகிறேன்; இயங்குமுறையில் புதிதாகச் சொல்ல அதிகமில்லை. வேறுவகையானது, தன்னுண்ணல் எனப்படும் காரியம். தழைச்சத்து வெளியே கிடைக்காதபோது, செல் தன்னுடைய பகுதிகளையே சவ்வுப் பைகளில் அடைத்து வாக்குவோலில் ஜீரணித்து, அதில் கிடைக்கும் அமினோ அமிலங்களை இளந்தளிருக்கும் விதைக்கும் அனுப்புகிறது; ஈஸ்டில் இம்முறையை விளக்கிய ஓசுமி 2016-ல் நோபெல் பரிசு பெற்றார். இலைப் புரதத்தில் பெரும்பங்கு வகிக்கும் ரூபிஸ்கோ நொதி, கார்பனைச் சேகரிப்பது மட்டுமின்றித் தழைச்சத்தின் சேமிப்பாகவும் இருப்பதால், முதிர்ந்த இலை மஞ்சளாவது ஒரு சீரழிவு அல்ல, விதையை நோக்கிய ஒரு கொடை. தன்னுண்ணலுக்கான மரபணுக்களை இழந்த அராபிடாப்சிஸ், தழைச்சத்து குறைந்தால் முன்னதாகவே மஞ்சளடைவதோடு, விதைக்குப் போதிய தழைச்சத்தையும் அனுப்பமாட்டாமற் போகிறது. வேர் உட்கொள்ளும் சத்தைப் பற்றி எழுதுபவர்கள் இந்த உட்சுழற்சியை மறந்துவிடுவது ஒரு பொதுக்குறை. வெளியிலிருந்து வாங்குவதும் உள்ளேயிருந்து மீட்பதும் ஒரே கணக்கின் இரு பத்திகள்.

இத்துறையின் பலவீனங்களையும் சொல்லிவிடவேண்டும். மேலே கூறிய அறிவில் பெரும்பகுதி, அகர் தட்டில் சில நாட்களே வளர்ந்த அராபிடாப்சிஸ் நாற்றுகளிடமிருந்து வந்தது. அங்கே சத்து ஒன்றுமேயில்லாத ஊடகத்திலிருந்து மிகுந்த ஊடகத்துக்கு நாற்றைத் திடீரென்று மாற்றுகிறார்கள். மண்ணிலோ மாற்றம் படிப்படியாக, ஓரடி தூரத்துக்கு ஓர் அளவாக, பூஞ்சையும் பாக்டீரியாவும் தலையிட நடக்கிறது. பயிர்களுள் நெல் மட்டுமே ஓரளவு கவனிக்கப்பட்டிருக்கிறது. கேழ்வரகும் கம்பும் துவரையும் இவ்வாயில்களை எங்ஙனம் ஆளுகின்றன என்பதைப் பற்றி அராபிடாப்சிஸை முன்னிட்டு ஊகிப்பது, அறிவாகாது.

இவ்வளவையும் அறிந்த பின்னர், இரும்பு செறிந்த நெல்லை உண்டாக்க எச்.ஆர்.இசட். நொதிகளைக் குறைத்தால் போதும் என்று நினைப்பது இயல்பே. குறைத்துப் பார்த்ததில், அப்பயிர் காரநிலத்தில் இரும்புக் குறையைத் தாங்கியதோடு, அதன் தானியத்திலும் இரும்பு கூடியது. ஆனால் அதே பயிர் இரும்பு மிகுந்த ஊடகத்தில் இயல்பான நெல்லைவிட அதிகம் நலிந்தது. நெல் பயிராகும் நிலங்களோ ஒரே வகையல்ல. நீர் நிறுத்திய அமில மண்ணில் இரும்பு கரையத் தொடங்கி, இலைகளில் செம்பழுப்புப் புள்ளிகளைத் தோற்றுவிக்கும் நோய் குட்டநாட்டிலும் இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத் தாழ்நிலங்களிலும் உழவர்களை வெகுகாலமாக வருத்தி வருகிறது. காட்மியம் கலந்த வயல்களில் அகலத் திறந்த வாயில் வேறொரு கேட்டுக்கும் இடமாகும். ஆகையால் கடிவாளத்தை முழுவதும் அகற்றாமல், தானியம் முற்றும் பருவத்தில் மட்டுமோ, வேண்டாத உலோகத்தை உணரும் அந்த ஹிஸ்டிடின் வளைவைக் கெடாமல் வைத்துக்கொண்டோ அதைத் தளர்த்துவது சாத்தியமா என்பதைச் சோதிப்பதே அடுத்த வேலை. அந்தச் சோதனை அகர் தட்டில் நடந்தால் போதாது. காரநிலம், அமிலநிலம் இரண்டிலும், மழை தப்பிய ஆண்டிலும் பெய்த ஆண்டிலுமாக நடக்கவேண்டும்.